கண்டியின் கடைசி மன்னர்

போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் பணியாது நின்ற கண்டி இராச்சியத்தின் இறுதி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய இந்நாயக்க வமிசத்தவர், முதன்மை அமைச்சர் பிலிமத்தலாவையின் ஆதரவால் 1798இல் அரியணை ஏறினார். தமிழ் பேசிய குலத்தினராயினும் புத்தபிரானின் தந்ததாதுவைக் காக்கும் கடமை அவருடையதாயிற்று. தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அருகிலுள்ள ஏரியும் அவர் அமைத்தவையே.

1803இல் படையெடுத்த ஆங்கிலேயர் தோற்றனர். ஆயினும் 1814இல் எஹெலப்பொலையின் மனைவி மக்களைக் கொல்வித்த கொடுமையை நாம் மறைப்பதற்கில்லை. குழந்தைகள் செய்த குற்றம் யாது? வெறுப்புற்ற பிரதானிகள் ஆங்கிலேயருக்கு வழிவிட்டனர். 1815 பெப்ரவரி 18இல் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கையால் இராச்சியம் பிரிட்டிஷ் முடியைச் சேர்ந்தது. தாதுவின் காவலரை அகற்றியோரே, அதன் ஐந்தாம் பிரிவில், பௌத்த சமயத்தைக் காப்பதாக எழுதிக்கொடுத்தது நமக்கு விந்தையாகவே தோன்றுகிறது.

வேலூர்க் கோட்டையில் சிறையிருந்த மன்னர் 1832 ஜனவரி 30இல் காலமானார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி உள்ளது.