வானத்தைச் சாட்சியாக வைத்த ரகுநாதாச்சாரி

சனி எங்கே நிற்கிறது, வியாழன் எங்கே நிற்கிறது என்று கேட்டால் ஏட்டைப் புரட்டிப் பதில் சொல்வோர் பலர். ஏடு போதாது, வானத்தையே கேட்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பாடுபட்ட ஒரு பெரியாரின் வரலாற்றை நாம் இங்கே சுருக்கமாகத் தருகிறோம். அவர் சென்னைச் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார்.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் நிறுவிய வானாராய்ச்சி நிலையத்தில் இளவயதிலேயே சேர்ந்து, முதல் உதவியாளர் பதவிவரை உயர்ந்தார்.

அந்த வேலை எளிதன்று. அங்கிருந்த தொலைநோக்கி வடக்கு தெற்காக மட்டுமே திரும்பும். நட்சத்திரமோ கிரகமோ உச்சிக் கோட்டைக் கடக்கும் வினாடியைக் கடிகாரத்தின் ஓசையைக் காதில் வாங்கிக்கொண்டே கண்ணால் கண்டு குறிக்க வேண்டும். இப்படி 1862 முதல் 1887 வரை 5,303 நட்சத்திரங்கள் அளக்கப்பட்டன. அவர் ஒருவர் எடுத்த குறிப்புகளே சுமார் 38,000. 1867-ல் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றையும் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானவியல் சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது.

ஆனால் அவர் மனத்தை உறுத்தியது வேறு. இரவில் தாம் கண்ட இடத்தில், பழைய வாக்கியக் கணக்கு சொன்ன கிரகம் இல்லை! நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு இது விளங்கும். பேரேட்டில் பத்து மூட்டை இருக்கலாம். கிடங்கில் எட்டு இருந்தால் திருத்த வேண்டியது பேரேட்டைத்தான். சிறுபிழையானாலும் நூற்றாண்டுதோறும் சேர்ந்தால் பெரும்பிழையாகிவிடும்.

தம் குலத்தொழிலுக்கே எதிராகப் பேசுவதாகப் பிறர் நினைக்கக்கூடுமே என்று அவர் தயங்கவில்லை. கண்ட நிலைக்கு ஒத்த திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1874 டிசம்பர் 9-ல் வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே கடக்கவிருந்தபோது, அதைப் பாமரரும் அறிய உரையாடலாக ஒரு நூல் எழுதினார். அது கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் வந்தது. 1880-ல் அவர் காலமானார்.

வழக்கு இன்னும் தீரவில்லை. சனிப்பெயர்ச்சியைத் திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்றது; வாக்கியமோ 2026 என்றது. ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம்!

பிறை கண்டு மாதம் தொடங்கும் சமுதாயம் நாம். மலேசியாவில் நோன்பு நாளும் கணக்கையும் காட்சியையும் சேர்த்தே அறிவிக்கப்படுகிறது. ஆகவே அவர் சொன்னது நமக்குப் புதிதல்ல. டெங்கில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில், மாதம் ஒருமுறை பிள்ளைகளை வெளியே அழைத்து, வியாழன் எந்த நட்சத்திரத்தின் அருகே நிற்கிறது என்று குறித்து வைக்கச் சொல்வோம். ஓராண்டில் அது சுமார் ஒரு ராசி நகர்ந்திருக்கும். சனி அதே தூரம் நகர இரண்டரை ஆண்டாகும். பிறர் சொல்லக் கேட்டதற்கும் தாமே கண்டதற்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகள் அப்போது அறிவார்கள்.