மூன்று எழுத்தில் ஒரு மனிதர்

அலோர் ஸ்டாரில் கடைத்தெரு வழியாக நடந்து செல்லும்போது பெயர்ப்பலகைகளைக் கவனித்திருப்பீர்கள். சில கடைகளுக்குத் தெய்வத்தின் பெயர் இருக்கும். சிலவற்றுக்கு ஊரின் பெயர் இருக்கும். வேறு சில கடைகள் உரிமையாளரின் சொந்தப் பெயரையே தாங்கி நிற்கும். சொந்தப் பெயரை வைப்பது எளிது. ஆனால், பொறுப்பு மிகுந்தது. அரிசியில் கல் இருந்தால் திட்டு வாங்குவது கடையன்று, அந்த மனிதர்தான். அப்படித் தம் பெயரை வணிகத்தில் துணிந்து வைத்தவர்களுள் ஒருவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார்.

அவர் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் தமிழ்நாட்டின் திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள திருக்குறுங்குடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெயரின் முன்னால் உள்ள 'டி' என்ற எழுத்து அந்த ஊரையே குறிக்கிறது. 'வி' என்பது வேங்கரம் என்ற குடும்பப் பெயர். மூன்றாம் எழுத்தாகிய 'எஸ்' சுந்தரம். ஊர், குடும்பம், தாம் என்ற வரிசையில் பெயர் எழுதுவது அக்காலத் தமிழர் வழக்கம். உங்கள் அடையாள அட்டையில் உங்கள் பெயருக்குப் பின்னால் தந்தையின் பெயர் இருப்பதை நினைத்துப் பாருங்கள். நம் ஊர்ப்பெயர் மட்டும் கடல் கடந்து வந்தபோது எங்கோ கழன்று விழுந்துவிட்டது. அவருடைய ஊர்ப்பெயரோ ஆங்கில எழுத்தின் உருவில் நிலைத்தது. தமிழில் நிலைத்திருக்கலாமே என்று எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

சுந்தரம் முதலில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்தார். நிலையான வருமானமும் மதிப்பும் உள்ள வேலைகள் அவை. அவற்றை விட்டுவிட்டு 1911ஆம் ஆண்டு மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வயது முப்பத்து நான்கு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1909இல், கெடா மாநிலம் சயாமின் பிடியிலிருந்து ஆங்கிலேயரின் ஆதிக்கத்திற்கு மாறியிருந்தது. கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் பினாங்கில் வந்து இறங்கினர். நம் முன்னோர் பலர் பால்மரக் காட்டுக்குள் நுழைந்த அதே ஆண்டுகளில், இவர் மோட்டார் வண்டி என்ற புதிய தொழிலுக்குள் நுழைந்தார்.

அந்நாளில் தென்னிந்தியாவின் கிராமப்புறச் சாலைகள் மாட்டு வண்டிகளுக்கும் குதிரை வண்டிகளுக்கும் உரியவை. ஆள் சேர்ந்தால்தான் வண்டி நகரும். எப்போது ஊர் போய்ச் சேரும் என்பது மாட்டின் மனநிலையைப் பொறுத்தது! சுந்தரத்தின் பேருந்து குறித்த நேரத்தில் புறப்பட்டது. இருக்கைகள் நிரம்பாவிட்டாலும் புறப்பட்டது. இன்று இதில் என்ன புதுமை என்று உங்களுக்குத் தோன்றலாம். காலி இருக்கையோடு வண்டியை ஓட்டுவது கைப்பணத்தை இழப்பதற்குச் சமம். ஆனால், நாளை வரப்போகும் பயணி வண்டி நேரத்திற்கு வரும் என்று நம்பினால்தான் வீட்டை விட்டே கிளம்புவார். அந்த நம்பிக்கைக்காகவே அவர் இழப்பைத் தாங்கினார். பேருந்து கடந்து செல்வதைப் பார்த்து மக்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று மதுரைப் பக்கத்தில் இன்றும் பெரியவர்கள் சொல்வதுண்டு.

இன்னொரு செய்தியும் அங்கே வழங்கி வருகிறது. மாடுகளின் குளம்பில் அடித்த லாடத்தின் ஆணிகள் சாலையெங்கும் உதிர்ந்து கிடக்கும். அவை டயரில் குத்தினால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். நேரம் தவறும். ஆகவே, காந்தம் பொருத்திய ஒரு வண்டியை முன்னே அனுப்பி, ஆணிகளைப் பொறுக்கிய பிறகே பேருந்துகளை ஓட்டச் செய்தாராம். பயணிகள் அந்தக் காந்த வண்டியைக் கவனித்தார்களோ இல்லையோ, பேருந்து நேரத்திற்கு வந்ததைக் கவனித்தார்கள். விளம்பரத்தால் அன்றி, இப்படித்தான் டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்து ஊர் ஊராகப் பரவியது.

இரண்டாம் உலகப் போர் அந்தப் பெயருக்குப் பெரும் சோதனையாக வந்தது. இராணுவத் தேவைக்காகப் பெட்ரோல் பங்கீடு செய்யப்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். நம் தோட்டங்களின் ரப்பர் அவர்கள் கைக்குப் போனதும், பல நாடுகளில் டயருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. எரிபொருளும் இல்லை, டயரும் இல்லை என்றால் பேருந்து எப்படி ஓடும்? நிறுத்திவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போர்க்காலம் என்று மன்னித்திருப்பார்கள். சுந்தரம் அந்த மன்னிப்பை நாடவில்லை. அவருடைய நிறுவனம் டி.வி.எஸ். எரிவாயுக் கலன் ஒன்றை வடிவமைத்துத் தயாரித்தது. உருளை போன்ற கலனில் கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் ஒருவகை வாயு உண்டாகும். அதைக் குளிர்வித்துத் தூசு நீக்கி இயந்திரத்துக்குள் செலுத்தினால், பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். வேகம் குறையும், ஓட்டுநரின் சட்டை கரியாகும், ஆனால், வண்டி ஓடும். தேய்ந்த டயர்களுக்குப் புதிய ரப்பர்ப் பட்டை ஒட்டிப் புதுப்பிக்கும் தொழிற்கூடத்தையும் அவர் நிறுவினார்.

சுந்தரத்தின் வாழ்க்கையில் வணிகத்தைவிடக் கடினமான சோதனை வீட்டுக்குள் நேர்ந்தது. அவருடைய மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே மருத்துவர் ஒருவருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். 1925இல் பிளேக் நோய் அந்த மருத்துவரைப் பலிகொண்டது. கைம்பெண்ணை வீட்டின் மூலையில் முடக்கிவைப்பதே அன்றைய சமூக வழக்கம். பெற்றோரோ மகளைப் படிக்க ஊக்குவித்தனர். அவர் டில்லி சென்று பயின்று, 1936இல் மருத்துவரானார். பின்னர் காந்தியத் தொண்டர் ஜி. இராமச்சந்திரனை மணக்க அவர் விரும்பியபோது குடும்பம் உடனே இணங்கவில்லை. மறுமணம், அதுவும் வேறு சாதியில். காந்தியடிகள் காத்திருக்கச் சொன்னார், இருவரும் காத்திருந்தார்கள். 1940இல் காந்தியடிகளின் முன்னிலையில் திருமணம் நடந்தது. பெருமனம் படைத்தவருக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. அந்த மகளே 1947இல் தம் கணவருடன் சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கி, ஏழைக் கிராம மக்களுக்கு மருத்துவமும் கல்வியும் தந்தார்.

தம் பெயரில் வளர்ந்த தொழிலைக் கடைசி மூச்சுவரை கையில் இறுக்கிப் பிடிப்பவர்கள் பலர். சுந்தரம் தம் மகன்களிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். அப்போது அவருடைய குழுமத்தில் சதர்ன் ரோடுவேஸ், சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் முதலிய நிறுவனங்கள் இருந்தன.

1972இல் தமிழ்நாட்டு அரசு மதுரைப் பேருந்துகளை நாட்டுடைமை ஆக்கியது. அவை பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளாயின. பக்கவாட்டில் இருந்த பெயர் மறைந்தது. குழுமத்தின் மற்றத் தொழில்கள் தொடர்ந்தன. 1980இல் அவருடைய பேரன் தலைமையில் ஓசூரில் டி.வி.எஸ். 50 என்ற சிறிய இருசக்கர வண்டி வெளிவந்தது. பால் வியாபாரிகளும் காய்கறி விற்பவர்களும் அதன் பின்னால் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு கிராமத்துச் சாலைகளில் ஓட்டினார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு அதன் முதல் எழுத்து திருக்குறுங்குடி என்று தெரிந்திருக்கும்?