உலகப் பிரகடனத்தில் ஒரு சீனச் சிந்தனை

1948 டிசெம்பர் 10 ஆம் நாள், பரிஸ் மாநகரில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை நிறைவேற்றியது. மேற்குலகு வகுத்த சாசனம் என்றே பலரும் அதனைக் கருதுவர். ஆயினும் அதன் முதலாம் உறுப்புரையிலேயே கீழைத்தேயச் சிந்தனையொன்று உறைந்துள்ளது. அதனை அங்கு கொண்டு சேர்த்தவர் சீன அறிஞர் சாங் பெங்சுன் ஆவார்.

1892 இல் தியன்ஜின் நகரில் பிறந்த சாங், புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்றார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். தாயகம் மீண்டு, தமையனார் நிறுவிய நான்காய் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், நாடகங்களும் நெறிப்படுத்தினார். 1937 இல் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு அப்பல்கலைக்கழகம் இரையாகியது. சாங் பெண் வேடம் பூண்டு நகரிலிருந்து தப்பினார். பின்னர் துருக்கியிலும் சிலியிலும் தம் நாட்டின் தூதராகப் பணியாற்றினார்.

1947 இல் எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார் தலைமையேற்ற மனித உரிமைகள் ஆணைக்குழுவில் சாங் துணைத்தலைவரானார். அங்கு லெபனானின் சார்ள்ஸ் மாலிக், மனித உரிமைகளுக்கு இயற்கைச் சட்டமே அடித்தளம் என வாதிட்டார். ஒரு மரபின் மெய்யியலை உலகம் முழுவதற்கும் விதித்தல் தகாது எனச் சாங் மறுத்துரைத்தார். அவர் மேற்கை வெறுத்தவர் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சிந்தனையாளர்களே சீன நூல்களிலிருந்து ஒளிபெற்றனர் என்பதை நினைவூட்டி, இரு மரபுகளும் முன்னரே உறவாடியவை எனக் காட்டினார்.

பகுத்தறிவு மட்டுமே மனிதனை மனிதனாக்கிவிடாது என்று கருதிய அவர், கொன்பூசிய மரபின் ரென் என்னும் பண்பையும் சேர்க்குமாறு வேண்டினார். மனிதன், இரண்டு என்னும் இரு குறிகள் இணைந்த எழுத்து அது. பிறனும் தன்னைப் போன்றவனே என உணர்தல் அதன் உட்பொருள். ஆங்கிலத்தில் அதற்கு நிகரான சொல் கிட்டாமையால், மனச்சாட்சி என்னும் சொல் இடம்பெற்றது. மூலத்தின் ஆழம் அதில் குறைந்தே போயிற்று.

பிரகடனத்தை 48 நாடுகள் ஆதரித்தன, எட்டு நாடுகள் வாக்களியாது ஒதுங்கின, எதிர்த்தவர் எவருமிலர். மறு ஆண்டே சீனாவில் ஆட்சி மாறியது. 1952 இல் பதவி துறந்த சாங், 1957 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் காலமானார்.

கொடுமைக்கு அஞ்சி வந்தோர் பிறநாட்டில் தஞ்சம் கோரவும் அதனைத் துய்க்கவும் உரிமையுடையர் என்கிறது அப்பிரகடனத்தின் 14 ஆம் உறுப்புரை. ஆயின் தஞ்சம் வழங்கியே தீரவேண்டுமென எந்த அரசையும் அது கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் நின்றுவிடும் அவ்விடத்தில், வாயிலில் நிற்பவனையும் தன்னைப் போன்ற மனிதனாகக் காணும் உள்ளமே எஞ்சுகிறது. சாங் வேண்டி நின்றதும் அதனையே.