நேரு, படேலை ஏற்றிச் சென்ற பெண் பைலட்! தெருநாய்க்கும் வீட்டுக் கதவைத் திறந்த உஷா சுந்தரம்

சேலம்:

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தால் சேலம் ஊரே தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரியும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்பெல்லாம் பறந்து போய்விடும். மலைக்குக் கீழே ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. பயணிகள் விமானம் மட்டுமல்ல, பைலட் பயிற்சி எடுப்பவர்களின் குட்டி விமானங்களும் இப்போது அங்கிருந்து கிளம்புகின்றன. சேர்வராயன் மலையடிவாரத்துப் பெண் பிள்ளைகளும் பைலட் ஆகணும் என்று ஆசைப்படலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு நிலைமை வேறு. பொம்பளைப் பிள்ளை சைக்கிள் ஓட்டினாலே தெருவே கூடி வேடிக்கை பார்த்த காலம். அந்தக் காலத்தில் விமானத்தையே ஓட்டிக் காட்டினார் ஒரு குடும்பத் தலைவி. அவர்தான் உஷா சுந்தரம். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் பைலட் என்று பெயர் எடுத்தவர்.

குடும்பம்.. காக்பிட்!

உஷா பிறந்தது 1924-ம் ஆண்டு. கணவர் கேப்டன் வி.சுந்தரம் கைதேர்ந்த விமானி. மைசூர் மகாராஜாவின் சொந்த விமானத்தை ஓட்டும் பொறுப்பு அவரிடம் இருந்தது.

பைலட் வீட்டுக்காரம்மா என்றால் என்ன செய்வார்? ஆகாயத்தில் போன மனுஷன் பத்திரமாகத் திரும்பணுமே என்று வாசலைப் பார்த்துக் கொண்டு இருப்பார். உஷா அப்படி இருக்கவில்லை. கணவர் பக்கத்து சீட்டில் தானே போய் உட்கார்ந்து கொண்டார். அதுவும் சும்மா வேடிக்கை பார்க்க அல்ல.

பெங்களூர் ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி இருந்தது. அங்கே முறைப்படி சேர்ந்து படித்து, 1949-ல் தேர்ச்சி பெற்றார். அந்தப் பள்ளியில் பயிற்சி முடித்த முதல் பெண் அவர்தான். அப்போதே அவர் ஒரு தாய் என்பது குறிப்பிடத்தக்கது.

அவருக்கு முன்னால் இந்தியாவில் விமானம் ஓட்டிய பெண்களே கிடையாதா? உண்டு. 1936-லேயே லாகூரில் சேலை கட்டிக்கொண்டு விமானம் ஓட்டியவர் சரளா தக்ரால். ஆனால் அது வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். நாடு விடுதலை அடைந்த பிறகு அந்தக் கதவைத் தள்ளித் திறந்தவர் உஷா.

டகோட்டாவில் தலைவர்கள்

மகாராஜாவின் விமானம் டகோட்டா ரகம். இரண்டு இன்ஜின் வைத்த காற்றாடி விமானம். இன்றைக்கு இருப்பது போல ஜி.பி.எஸ்., கம்ப்யூட்டர் எல்லாம் அப்போது ஏது? கையில் வரைபடம், எதிரே திசைகாட்டி, காதில் ரேடியோ. கீழே தெரியும் ஆறும் ரயில் பாதையும்தான் வழிகாட்டி. மேகம் மூடிவிட்டால் அதுவும் தெரியாது.

அந்த விமானத்தில்தான் ஜவகர்லால் நேரு, வல்லபாய் படேல், ராஜேந்திர பிரசாத் போன்ற பெரிய தலைவர்கள் பயணம் செய்தார்கள். 560-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு சேர்க்கும் வேலையில் படேல் ஓய்வில்லாமல் ஊர் ஊராகச் சுற்றிய நேரம் அது. அந்த அலைச்சலில் அவருக்கு விமானம் ஓட்டியது இந்த ஜோடி. பிரிவினைக் கலவரத்தின்போது பாகிஸ்தானில் மாட்டிக்கொண்டவர்களை மீட்டு வரும் பணியிலும் பங்கெடுத்தார்கள்.

லண்டன் டூ பம்பாய் 27 மணி நேரம்!

1951-ல் வந்தது பெரிய சவால். மெட்ராஸ் அரசாங்கம் இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் டோவ் என்ற சின்ன விமானத்தை வாங்கியது. அதை ஓட்டிக்கொண்டு வரும் பொறுப்பு சுந்தரம்-உஷா தம்பதியிடம் கொடுக்கப்பட்டது.

டோவ் விமானத்தில் பத்துப் பேர் உட்கார்ந்தாலே நெருக்கம். ஒரே மூச்சில் கண்டம் தாண்டும் அளவுக்கு டேங்க்கும் கிடையாது. வழியில் இறங்கி இறங்கி பெட்ரோல் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். லண்டனுக்கும் பம்பாய்க்கும் நேர்கோட்டில் பார்த்தாலே 7 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் தூரம். கடல், மலை, பாலைவனம் எல்லாம் குறுக்கே வரும்.

அத்தனையையும் தாண்டி 27 மணி நேரத்தில் பம்பாய் வந்து இறங்கி சாதனை படைத்தார்கள். இப்போது ஜெட் விமானத்தில் ஒன்பது, பத்து மணி நேரம்தான். ஆனால் அந்தக் குட்டி விமானத்துக்கு 27 மணி நேரம் என்பது மலைக்க வைக்கும் வேகம்.

மழையில் தத்தளித்த குட்டிகள்

உஷாவின் வாழ்க்கை இத்தோடு முடிந்திருந்தால் பழைய சாதனைப் பட்டியலில் ஒரு பெயர் என்று போயிருக்கும். அடுத்த பாதிதான் இன்னும் பெரிய கதை.

1959-ல் சென்னையில் அடைமழை. தி.நகர் தெருவெல்லாம் வெள்ளம். இரண்டு நாய்க்குட்டிகள் தண்ணீரில் தத்தளிப்பதைப் பார்த்தார் கேப்டன் சுந்தரம். வாரி எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று வீட்டுக்காரர் கிளம்பினால், அதன் வேலை முழுக்க வந்து விழுவது வீட்டுப் பெண்கள் தலையில்தான். உஷா முகம் சுளிக்கவில்லை. அடிபட்டது, நோய் பிடித்தது என வந்த ஜீவன்களுக்கெல்லாம் அந்த வீட்டில் இடம் கிடைத்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமே இறங்கி வேலை பார்த்தது. அப்படி வீட்டில் முளைத்ததுதான் புளூ கிராஸ். இன்று நாட்டின் பெரிய விலங்கு நல அமைப்புகளில் ஒன்று.

கொல்லாமல் குறைக்க வழி

அந்த நாளில் தெருநாய் பெருகிவிட்டது என்றால் மாநகராட்சி வண்டி வரும், பிடித்துக்கொண்டு போய்க் கொல்லும். 1995 வாக்கில் சென்னையில் ஒரே நாளில் 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன. அப்படியும் தெருவில் நாய் குறைந்தபாடில்லை. ஒரு கூட்டத்தை ஒழித்தால் அந்த இடத்துக்கு அடுத்த கூட்டம் வந்தது. குட்டி போட்டுப் பெருகியது.

புளூ கிராஸ் வேறு வழி சொன்னது. பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவது. 1964-லேயே இந்த வேலையைத் தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடிய பிறகு, 1996-ல் சென்னை மாநகராட்சி கொல்வதைக் கைவிட்டு இந்த வழிக்கு மாறியது. 2001-ல் நாடு முழுவதுக்கும் மத்திய அரசு விதியாகவே கொண்டு வந்தது.

தெருநாய் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் அந்த பயம் நிஜம். 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை விவகாரம் போய், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையங்களில் நாய்களை அப்புறப்படுத்த உத்தரவானது. ஆனாலும் மற்ற தெருக்களுக்கு கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்பது மாறவில்லை. உள்ளாட்சிகள் அதை ஒழுங்காகச் செய்கிறதா என்பதுதான் கேள்வி. பாதி நாய்க்குச் செய்து பாதியை விட்டால், மறு வருஷமே கணக்கு பழையபடி ஏறிவிடும்.

ஓய்ந்தது சிறகு

கேப்டன் சுந்தரம் 1997-ல் காலமானார். உஷா 2010-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி சென்னையில் கண்ணை மூடினார். வயது 86.

இன்று இந்தியாவில் 100 பைலட்டுகளில் சுமார் 15 பேர் பெண்கள். உலக அளவில் இது ஐந்தாறு பேர்தான். காமலாபுரத்தில் இருந்து கிளம்பும் குட்டி விமானத்தில் நாளை நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி ஏறி உட்காரலாம். ஏற்காடு மலை மேலேயே கூட வட்டமடிக்கலாம். அந்த சீட்டை முதலில் பிடித்துக் கொடுத்த வரிசையில் உஷா சுந்தரமும் இருக்கிறார். தலைவர்களுக்கு விமானம் ஓட்டிய அதே கையால், தெருவில் அடிபட்டுக் கிடந்த நாய்க்குக் கட்டுப் போடவும் அவர் வெட்கப்படவில்லை.