ஏரி நாட்டைக் காத்த அம்மையார்

இங்கிலாந்தின் வடமேற்கே மலைகளும் ஏரிகளும் செறிந்த நிலப்பகுதி ஒன்று உண்டு. அதனை ஏரி நாடு என்பர். அந்நாட்டு உழவர் வாழ்வு அழியாதிருக்கத் தம் பொருளையும் உழைப்பையும் ஈந்தவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார்.

அவர் 1866-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் செல்வக் குடியொன்றில் பிறந்தார். பள்ளி சென்று பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆசிரியைமார் வீட்டிற்கே வந்து கற்பித்தனர். முயலும் முள்ளெலியுமே அவருக்குத் தோழர்களாயின. காளான்களை நுணுகி நோக்கி வரைவதில் அவர் பெருவிருப்பம் கொண்டார். காளான் வித்துகள் முளைக்கும் முறைபற்றி அவர் எழுதிய கட்டுரை 1897-இல் இலண்டன் லின்னேயன் கழகத்தில் அளிக்கப்பெற்றது. ஆயின், அக்கழகக் கூட்டங்களுக்கு மகளிர் செல்லுதல் அந்நாளில் வழக்கமன்று. கட்டுரை அவைக்குச் சென்றது, எழுதியவர் செல்லவில்லை!

1882-இல் கோடை விடுமுறைக்காக ஏரி நாட்டிற்குச் சென்றபொழுது, ரான்சிலி என்னும் பாதிரியாரின் நட்பு அவர் குடும்பத்திற்குக் கிடைத்தது. இயற்கையழகு வாய்ந்த இடங்களை மக்களுக்கெனக் காக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1895-இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்தை நிறுவிய மூவருள் அவரும் ஒருவர்.

1902-இல் வெளிவந்த பீட்டர் முயலின் கதை அம்மையாருக்குப் பெரும்புகழ் தந்தது. 1905-இல் அவர் மணக்க இசைந்திருந்த நார்மன் வார்ன் திடீரென மறைந்தார். துயரிடையே, அவ்வாண்டே ஏரி நாட்டில் ஹில் டாப் என்னும் பண்ணையை விலைக்கு வாங்கினார். 1913-இல் வில்லியம் ஹீலிஸ் என்னும் வழக்கறிஞரை மணந்து அப்பகுதியிலேயே வாழலானார்.

நூல்கள் ஈட்டிய பொருள் நிலமாயிற்று. 1923-இல் டிரவுட்பெக் பார்க் என்னும் பெரும் மலைப்பண்ணையை வாங்கினார். அங்கிருந்த ஆடுகள் நோயுற்று நலிந்திருந்தன. அம்மையார் தேர்ந்த இடையரை அமர்த்தி, தாமும் மரமிதியடி அணிந்து சேற்றில் இறங்கி மந்தையைத் தேற்றினார். ஹெர்ட்விக் என்பது அந்நாட்டுக்கே உரிய ஆட்டினம். அதன் மயிர் முரடானது. ஆதலின் விலை குறைவு. ஆயினும் வேலியற்ற மலையில் தனக்குரிய மேய்ச்சலிடத்தை அது விட்டகலாது. தாயின் பின்சென்று குட்டி அவ்விடத்தை அறிகின்றது. மந்தையை ஒருமுறை விற்றுவிட்டால், புதிதாக வாங்கிவிடும் ஆடுகளுக்கு அவ்வறிவு இராது. இவ்வுண்மையை நன்குணர்ந்தமையால், தம் மலைப்பண்ணைகளில் கலப்பற்ற ஹெர்ட்விக் ஆடுகளே வளர்க்கப்பெறுதல் வேண்டும் எனத் தம் இறுதி முறியில் எழுதிவைத்தார்.

வின்டர்மியர் ஏரிக்கரையில் ஒரு நிலம் வீடுகட்டுவோர் கைக்குப் போகவிருந்தது. அதனை மீட்க 1927-இல் ஐம்பது படங்களை அமெரிக்காவுக்கு அனுப்பி நிதி திரட்டினார். 1930-இல் மங்க் கோனிஸ்டன் என்னும் பெருநிலத்தை வாங்கியவர், அதன் ஒரு பாதியை வாங்கிய விலைக்கே அறநிலையத்திற்கு அளித்தார். ஆதாயம் நாடுவோர் இங்ஙனம் செய்யார். அந்நிலத்தைக் கண்காணிக்கும் பொறுப்பையும் அறநிலையத்தார் அவரிடமே ஒப்படைத்தனர். கண்டிப்பும் சிக்கனமும் மிக்கவர் எனினும், நகர்ப்புறச் சாரணச் சிறுமியர் தம் நிலத்தில் பாடியிறங்க மகிழ்வுடன் இடமளித்தார்.

1943-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் பதினான்கு பண்ணைகளும் அறநிலையத்திற்கு உரியவாயின. அவரது உடற்சாம்பலை அவர்தம் இடையரான டாம் ஸ்டோரி ஹில் டாப் அருகே தூவினார். தூவிய இடம் எது என்பதை அவர் ஊராருக்கு உரைக்கவில்லை.