மார்ஷல் வார்டு

கொடைக்கானலுக்குக் கீழே, பழனிமலையின் தாழ்ந்த சரிவுகளில் உள்ள தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களில் காப்பித் தோட்டங்கள் மிகுதி. அங்குள்ள செடிகளின் இலைகளைத் திருப்பிப் பார்த்தால், சிலவற்றின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் காணலாம். தொட்டால் அது விரலில் ஒட்டும். இரும்பில் ஏறும் துருவை ஒத்திருப்பதால் இதனை இலைத்துரு நோய் என்பர். அப்பொடி எவ்வாறு பரவுகிறது என்பதை ஆராய்ந்து விளக்கியவர் ஹாரி மார்ஷல் வார்டு என்னும் ஆங்கிலேயர்.

வார்டு 1854-ஆம் ஆண்டு ஹெரிபோர்டு நகரில் பிறந்தார். ஹக்ஸ்லியிடமும், பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். அக்காலத்தில் இலங்கையின் மலைநாட்டில் எங்கும் காப்பியே பயிராயிற்று. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் பல்லாயிரவர் அத்தோட்டங்களை நம்பி வாழ்ந்தனர். 1869-இல் அங்கே இலைத்துரு தோன்றியது. இலைகள் உதிர்ந்தன, விளைச்சல் ஆண்டுதோறும் குன்றியது. மண்வளம் குறைந்ததே காரணம் என்றனர் சிலர். பருவக்கேடு என்றனர் வேறு சிலர். உண்மையை அறிந்து வருமாறு 1880-இல் வார்டு அங்கு அனுப்பப்பட்டார்.

இளைஞரான அவர் தோட்டங்களில் கண்ணாடித் துண்டுகளை வைத்துக் காற்றில் வருவனவற்றைப் பிடித்தார். நுண்பெருக்கியின் கீழ் அவற்றை நோக்கியபோது, துருப்பொடியின் துகள்களே அவற்றில் ஒட்டியிருந்தன. அவை ஒரு பூசணத்தின் வித்துகள். ஒவ்வொரு வித்தின் ஒரு புறம் வழவழப்பாகவும், மறுபுறம் முட்கள் நிறைந்தும் இருக்கும். ஈரமான இலைமீது விழுந்த வித்து நூல்போன்ற முளையை விடுகிறது. அம்முளை இலையின் மூச்சுத்துளை வழியே உள்ளே புகுந்து, இலையின் உணவை உறிஞ்சி வளர்கிறது. சில வாரங்களில் அடிப்புறத்தில் புதிய பொடி வெளிப்படுகிறது. அதனைக் காற்று அடுத்த செடிக்குக் கொண்டு செல்கிறது.

காடுகளை அழித்து, மலைக்கு மலை ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமையே பூசணத்திற்கு வழி திறந்து விட்டது என வார்டு கண்டார். இலைக்குள் புகுந்துவிட்ட நோயைத் தீர்க்கும் மருந்து அவர் கையில் இல்லை. பொய்ம்மருந்து ஒன்றைக் கூறிப் பெயர் வாங்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1882-இல் அவர் திரும்பினார். அதன்பின் சில ஆண்டுகளில் இலங்கைக் காப்பித் தொழில் நலிந்து, அந்நிலங்களில் தேயிலை இடம் பெற்றது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பிரான்சில் வெளிப்பட்டது 1885-இல்தான். இன்று நம் நாட்டுக் காப்பிச் செடிகளின்மீது, வித்து முளைக்கும் முன்பே, அது தெளிக்கப்படுகிறது.

நுண்ணுயிர்கள் யாவும் தீயன அல்ல என்பதையும் வார்டு அறிந்திருந்தார். அவரை இனச் செடிகளின் வேரிலுள்ள முடிச்சுகள் மண்ணிலுள்ள நுண்ணுயிர் புகுவதால் உண்டாவன என்று 1887-இல் காட்டினார். இஞ்சியிலிருந்து செய்யும் ஒருவகைப் பானத்தைப் புளிக்கவைப்பவை ஓர் ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியமும் கூடிய கூட்டம் என 1892-இல் விளக்கினார். 1895-இல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியரானார். அங்கே தாவரவியலுக்கெனப் புதிய கட்டடம் 1904-இல் திறக்கப்பட்டது. அதில் நெடுநாள் பணிபுரிய அவருக்கு வாய்க்கவில்லை. 1906-இல், 52-ஆம் வயதில் காலமானார்.