பூண்டுலோயாவின் பூச்சியியலறிஞர் எட்வேட் ஏர்னஸ்ட் கிறீன்

மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோப்பியின் வீழ்ச்சியையும் தேயிலையின் எழுச்சியையும் கூறாது விடுவதில்லை. அவ்வீழ்ச்சிக்கு முதற்காரணமாயிருந்த இலைத்துரு நோயைப் பற்றிப் பலரும் அறிவர். ஆயின், அந்நோயால் நலிந்த செடிகளின்மேல் இறுதி அடியாக வந்து வீழ்ந்த சிறு பூச்சியொன்றைப் பற்றியும், அப்பூச்சிக்குப் பெயர் சூட்டிய பெரியாரைப் பற்றியும் அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. எட்வேட் ஏர்னஸ்ட் கிறீன் என்னும் அப்பெரியார், நம் வலப்பனை மலைகளுக்கு மேற்கே, இதே நுவரெலியா மாவட்டத்திலுள்ள பூண்டுலோயாவிலே தோட்டத்துரையாயிருந்தவர். செடியின் இலையையும் தண்டையும் உற்று நோக்கும் பழக்கமொன்றையே மூலதனமாகக் கொண்டு உலகறிந்த பூச்சியியலறிஞராய் உயர்ந்தவர். அவருடைய வாழ்வையும், அவர் கண்டும் விடை காணாது விட்டுச் சென்ற புதிரொன்றையும் இங்கே சுருங்கக் கூறுவோம்.

கிறீன் 1861 ஆம் ஆண்டு இலங்கையிலே பிறந்தார். கல்வியை இங்கிலாந்திலே பெற்று, 1880 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு மீண்டு தோட்டத் தொழிலில் ஈடுபட்டார். அவர் வந்த காலம் மலைநாட்டின் கேடுகாலமாகும். 1869 இல் இலங்கையிலே கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் பத்தாண்டுகளுள் கோப்பித் தோட்டங்களெங்கும் பரவிவிட்டது. துரைமார் பலர் முதலை இழந்தனர். தென்னாட்டிலிருந்து கால்நடையாக வந்து, காடழித்து, அம்மலைகளைத் தோட்டங்களாக்கிய தமிழ்த் தொழிலாளர் அடைந்த இழப்போ அதனினும் கொடியது. பல தோட்டங்களிலே அவர்தம் கூலி மாதக்கணக்காக நிலுவையாய் நின்றது. பிழைக்க வழியின்றி ஊர் திரும்பியோர் பலர். எஞ்சியோரே சிங்கோனாவையும் பின்னர்த் தேயிலையையும் நட்டு, இன்று நாம் காணும் பசுமலைகளை ஆக்கினர்.

இந்நிலையிலேதான் 1880களில் பச்சைச் செதிற்பூச்சி கோப்பிச் செடிகளைப் பற்றிக்கொண்டது. இலையின் அடிப்புற நரம்புகளையொட்டி வரிசையாக ஒட்டிக்கிடக்கும் இப்பூச்சியைக் காண்போர், அஃது ஓர் உயிர் என்று எளிதில் எண்ணார். அதற்குச் சிறகில்லை; விரைந்து ஓடும் ஆற்றலுமில்லை. ஊசி போன்ற வாயினைத் திசுவுள் இறக்கிச் சாற்றை உறிஞ்சுவதே அதன் தொழில். அது கழிக்கும் இனிய நீரை நாடி எறும்புகள் மொய்க்கும். அந்நீர் படிந்த இலைகளின்மேற் கரிய பூஞ்சணம் போர்வைபோற் படர்ந்து வெயிலை மறைக்கும். துருநோய்க்குத் தப்பி நின்ற செடியும் இவ்வாறு இளைத்து மடியும். இவ்வினத்திலே ஆணைக் காண்டல் மிக அரிது. பெண் பூச்சிகள் ஆணின் துணையின்றியே பெண் குஞ்சுகளைப் பெருக்குவனவாதலின், ஒன்று புகுந்த தோட்டத்திலே சின்னாளில் எண்ணிறந்தன தோன்றும்.

கோப்பியின் பகைவராகிய பூச்சிகளை ஆராய்தலில் கிறீனுக்கு முன்னோடி ஒருவர் இருந்தார். இறம்பொடையிலே தோட்டஞ் செய்த ஜெர்மானியராகிய நீற்னர், 1861 இலேயே கோப்பிச் செடியின் பகைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அவ்வழியிற் சென்ற கிறீன், பச்சைச் செதிற்பூச்சியை ஆராய்ந்து, 1889 இல் அதற்கு அறிவியற் பெயரிட்டு விவரித்தார். இன்று உலகின் வெப்ப நாடுகள் பலவற்றிலே கோப்பியையும் எலுமிச்சை இனங்களையும் தாக்கும் அப்பூச்சியின் அறிவியற் பெயரோடு அவர் பெயரும் சேர்த்தே வழங்கப்படுகிறது. 1890 இல் தேயிலைச் செடியின் பூச்சிப் பகைகளைப் பற்றிய நூலொன்றைக் கொழும்பில் வெளியிட்டார். கோப்பிக்கு நேர்ந்த கதி தேயிலைக்கும் நேரலாகாது என்னும் கவலை அக்காலத்தில் எல்லார் நெஞ்சிலும் இருந்ததாதலின், அந்நூல் காலத்தால் செய்த உதவியாயிற்று.

பின்னர் அவர் தம் வாழ்நாட் பணியாகிய இலங்கைச் செதிற்பூச்சிகள் என்னும் பெருநூலை எழுதத் தொடங்கினார். அதன் முதற்பாகம் 1896 இலும், ஐந்தாவதும் இறுதியுமான பாகம் 1922 இலும் வெளிவந்தன. அந்நூலின் ஓவியங்களைத் தம் கையாலேயே வரைந்தார். ஒரு கடுகளவும் இல்லாத உடலின் விளிம்பு மயிர்களையும் சுரப்பித் துளைகளையும் உருப்பெருக்கியின் வழியே நோக்கி நோக்கி அவர் வரைந்த படங்கள், நூறாண்டு கடந்த பின்னும் ஆராய்வோர்க்குப் பயன்படுகின்றன. புதிய இனங்கள் பலவற்றின் மூல மாதிரிகள் கிடைத்த இடமாகப் பூண்டுலோயாவின் பெயர் உலகப் பூச்சியியல் நூல்களில் இடம்பெற்றது இவராலேயாம். இவருடைய திறமையை உணர்ந்த அரசாங்கம் இவரை அரசாங்கப் பூச்சியியலாளராக நியமித்தது. பேராதனையிலே அப்பதவியை வகித்து, 1913 இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றார். 1923, 1924 ஆம் ஆண்டுகளில் இலண்டன் பூச்சியியற் கழகத்தின் தலைவராக விளங்கினார். 1949 இல் அங்கேயே காலமானார்.

இனி, அவர் விட்டுச் சென்ற புதிருக்கு வருவோம். செதிற்பூச்சி இனங்களுட் பெரும்பாலானவற்றில் ஆணும் பெண்ணும் ஓரினத்தன என்று நம்புதலே அரிது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே ஊர்ந்து திரிகின்றன. பின்னர் வழிகள் பிரிகின்றன. ஆண் உண்ணுதலை ஒழித்து, கூட்டுப்புழுவை ஒத்த அடங்கிய பருவங்களைக் கடந்து, மெல்லிய சிறகிரண்டு பெற்றுப் பறந்து வெளிவருகிறது. உண்ண வாயும் அற்ற அவ்வுயிர் சின்னாள் வாழ்ந்து மடிகிறது. பெண்ணோ சிறகு பெறுவதில்லை. இளமை உடலோடேயே பருத்து, தான் சுரந்த செதிலின் கீழேயோ மெழுகின் கீழேயோ இருந்தபடியே தாயாகிறது. நம் முன்னோர் நெடுங்காலமாக அறிந்த அரக்கும் இவ்வகையைச் சேர்ந்த பூச்சியொன்றின் பெண்கள் சுரப்பதேயாம். ஆண், பெண் இரண்டின் வடிவங்களையும் கிறீன் தெளிவுற வரைந்தார். ஆயின், ஒரு தாயின் மக்களுள் ஒன்று உருமாறிப் பறப்பதும் மற்றொன்று இளமை வடிவிலேயே நின்றுவிடுவதும் எதனால் என்பதை அறியும் வழி அவர் காலத்திலே இருக்கவில்லை.

அதற்கான திறவுகோல் பட்டுப்புழுவிலிருந்து கிடைத்தது. பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்து வளர்ந்து, கூடு கட்டி, அதனுள்ளே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாய் வெளிவருவதை யாவரும் அறிவர். அதன் மூளைக்குப் பின்னே அமைந்த சிறு சுரப்பிகள் இரண்டை அகற்றினால், புழு உரிய காலத்துக்கு முன்னரே கூட்டுப்புழுவாகிவிடுகிறது என்று பிரெஞ்சு அறிஞர் பூனியோல் 1938 இற் காட்டினார். 1940 இல் ஜப்பானிய அறிஞர் புக்குடா, தோலுரித்தலையும் உருமாற்றத்தையும் தூண்டுவது முன்மார்பிலுள்ள மற்றொரு சுரப்பி என நிறுவினார். ஆகவே, ஓமோன்கள் இரண்டு உள்ளன: ஒன்று தோலை உரி என ஏவுவது, மற்றொன்று இளமையிலேயே நில் எனத் தடுப்பது. தடுப்பது மிகுந்திருக்கையில் தோலுரிக்கும் புழு மீண்டும் புழுவேயாகும். அது நீங்கியபின் உரித்தாற் கூட்டுப்புழுவாகும். 1954 இல் பூட்டனான்ட், கால்சன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர், 500 கிலோகிராம் பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் அளவே தூண்டும் ஓமோனைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்து, அதற்கு எக்டைசோன் எனப் பெயரிட்டனர்.

அத்துளிப் பொருள் ஓருடலை முற்றும் மாற்றுவது எங்ஙனம்? 1960 இற் கிளெவரும் கால்சனும் சிறு ஈயொன்றின் குடம்பிகளுள் எக்டைசோனைச் செலுத்தி, அவற்றின் நிறமூர்த்தங்களிலே குறித்த இடங்கள் புடைத்தெழுவதைக் கண்டனர். புடைத்த இடங்கள், அதுகாறும் அடங்கியிருந்த பரம்பரையலகுகள் தொழிற்படத் தொடங்கிய இடங்களாகும். புழுவுக்கும் அந்துப்பூச்சிக்கும் பரம்பரையலகுகள் ஒன்றே. எவை எப்போது எழவேண்டும், எவை அடங்கவேண்டும் என்பதை ஓமோன்களே முறைப்படுத்துகின்றன என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

அண்மைக் காலத்திலே இவ்வறிவு கிறீனின் புதிரையும் வந்து தொட்டது. செதிற்பூச்சிகளின் உறவினமாகிய மாவுப்பூச்சியொன்றை ஜப்பானிலே ஆராய்ந்தோர் 2016 இலும் 2019 இலும் தம் முடிவுகளை வெளியிட்டனர். பூச்சிகளை முதிர்ந்த வடிவுக்குச் செலுத்தும் பரம்பரையலகு ஒன்றுண்டு; அதனை ஈ 93 என்பர். அஃது ஆணிலே இளமைப் பருவத்தின் முடிவில் ஓங்கி எழுகிறது; பெண்ணிலோ தாழ்ந்தே நிற்கிறது. ஆணுக்கு இளமை ஓமோனை ஒத்த பொருளை இட்டால் அதன் உருமாற்றமும் தடைப்படுகிறது. எனவே, பெண் சிறகின்றி நிற்பது, முதிர்ச்சிக்குரிய ஆணை அவ்வுடலில் உரத்து ஒலியாமையினால் என்று கொள்ளுதல் பொருந்தும். இவ்வறிவு வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. இளமை ஓமோனை ஒத்த செயற்கைப் பொருள்கள் இன்று செதிற்பூச்சிகளை அடக்கவும் பயன்படுகின்றன.

கிறீன் இவற்றுள் எதனையும் அறிந்தவரல்லர். ஆயினும் அவர் கண்டதைக் கண்டவாறே வரைந்து, அறியாததற்குக் கற்பனையால் விடை கூறாது விட்டமையே அவர் பணிக்கு நிலைபேறு அளித்தது. எந்த இனம், எந்தப் பருவம், எது ஆண், எது பெண் என்னும் தெளிவு முன்னரே இல்லாதிருந்தால், ஓமோனையும் பரம்பரையலகையும் ஆராய்வோர் எதனைப் பற்றி ஆராய்வது?

இன்னுமொன்று நம் மாணவர் எண்ணத்தக்கது. கிறீன் தோட்டத்துக்கு உரிய துரையாயிருந்தமையால், உருப்பெருக்கியும் ஓய்வும் நூலை அச்சிடும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டின. அதே செடிகளை நாள்தோறும் கைதொட்டுக் கொழுந்து கொய்தவர்க்கு அவை கிட்டவில்லை. கண்கூர்மையில் அவர்கள் குறைந்தவரல்லர். கல்வி வாய்ப்பிலேயே குறைந்திருந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று நம் கல்லூரியின் ஆய்வுகூடத்திலே உருப்பெருக்கியின் முன் அமர்கின்றனர். பூண்டுலோயாவிற் கிறீன் கண்ட பூச்சிகள் நம் வீட்டு எலுமிச்சையிலும் கொய்யாவிலும் இன்றும் ஒட்டியிருக்கின்றன. அவ்விலையைத் திருப்பிப் பார்த்து, கண்டதை வரைந்து, காரணம் யாதென வினவும் மாணவர் இம்மலைகளிலிருந்து எழுவாராயின், நம் கல்லூரி பெற்ற பேறு பெரிதாகும்.